ஊர் வரியில் கேட்ட கூத்து, யூடியூபில் கேட்கும் கூத்து: இணையத்தில் இலவச இசை குறித்த விளக்கம்

மாசியில் மயானக் கொள்ளை தொடங்கி ஆடி முடியும் வரை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களில் அம்மன் திருவிழாக்களும் பாரதக் கூத்தும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டிருக்கும். அண்மை ஆண்டுகளில், கூத்து மேடைக்கு எதிரே மூங்கில் கம்பத்தில் கட்டிய செல்போன் ஒன்று இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருப்பதும் வழக்கமாகிவிட்டது. துரியோதனன் படுகளம் முடிந்து சனம் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிடுவதற்குள் அந்தப் பதிவு யூடியூபில் ஏறிவிடுகிறது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப்போன ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து மகிழ்கிறார்கள். சில நாள் கழித்து இரண்டு பக்கமிருந்து சிக்கல் வருகிறது. பதிவேற்றிய இளைஞருக்குக் ‘பதிப்புரிமைக் கோரிக்கை’ என்று ஓர் அறிவிப்பு வந்து, காணொளியின் நடுவே ஒரு பகுதி ஒலியில்லாமல் போகிறது. கூத்துக் குழுவின் வாத்தியாரோ, “எங்களை ஒரு வார்த்தை கேட்காம எப்படிப்பா போட்ட?” என்று போன் செய்கிறார். இரண்டு தரப்புக்கும் இளைஞர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “நான் விக்கலையே, இலவசமாத்தானே போட்டேன்?”

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. வாத்தியாரின் வருத்தமும் பொய்யில்லை. ‘இலவசம்’ என்ற ஒரே சொல்லுக்குள் யாருடைய அனுமதி, யாருடைய பெயர், யார் கைக்குப் போகும் காசு என்ற மூன்று கேள்விகள் சேர்ந்து கிடப்பதால்தான் பேச்சு முட்டிக்கொள்கிறது. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஒரு பாட்டில் எத்தனை பேருக்கு உரிமை?

இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். அது ஒரு பாட்டை ஒரே பொருளாகக் கருதுவதில்லை. நான்கு அடுக்குகளாகப் பார்க்கிறது.

1. வரிகள். எழுதியவருக்கு உரியவை. சட்டத்தின் கண்ணில் இவை இலக்கியப் படைப்பு.

2. மெட்டு. இசையமைத்தவருக்கு உரியது. வரிகளும் மெட்டும் வேறு வேறு படைப்புகள். இரண்டுக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

3. ஒலிப்பதிவு. பதிவைத் தயாரித்தவருக்கு உரியது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

4. நிகழ்த்துதல். பாடியவர், வாசித்தவர், ஆடியவர் ஆகியோருக்கு 1994ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த உரிமை. இதன் காலம் இப்போது 50 ஆண்டுகள். ‘நிகழ்த்துபவர்’ யார் என்று சட்டம் தரும் பட்டியலில் நடிகர், பாடகர், நடனக்காரர் ஆகியோரோடு பாம்பாட்டியும் இருக்கிறார். ஆகவே தெருக்கூத்தில் வேஷம் கட்டுபவரும் மத்தளம் அடிப்பவரும் இதற்குள் வருவார்களா என்ற ஐயத்துக்கே இடமில்லை.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த நான்காவது அடுக்கை வலுப்படுத்தியது. தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் அந்தப் பதிவைப் பொதுமக்களுக்கு எட்டச்செய்யவும் உள்ள உரிமை நிகழ்த்துபவருடையது என்றும், அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், அவருக்கு இழுக்கு வரும்படி பதிவைச் சிதைக்கக் கூடாது என்றும் சொன்னது. அதே திருத்தம்தான், திரைப்படத்துக்கு எழுதிய பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டி பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்தது. வாரிசுகளுக்கோ, படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் அதை மாற்றித் தரலாம்.

2017 மார்ச்சில், தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜாவின் தரப்பு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியபோது, “அவர் பாடிய பாட்டை அவரே பாடக் கூடாதா?” என்று தமிழ்நாடே கேட்டது. மேலே உள்ள அடுக்குகளைப் பார்த்தால் அந்தக் கேள்வி எங்கே தடுமாறியது என்பது விளங்கும். பாடியவரின் உரிமை அன்று அவர் பாடிய பாட்டின் பதிவோடு நிற்கிறது. மெட்டின் உரிமை வேறொரு அடுக்கில் இருக்கிறது. அந்த அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டுமா என்பது நட்பையும் மனத்தையும் பற்றிய வேறு விவாதம்.

கூத்துக்கு இதைப் பொருத்தினால்: பாரதக் கதை எவருடைய சொத்தும் இல்லை. வழிவழியாக வந்த விருத்தங்களும் அப்படியே. ஆனால் இரு பாத்திரங்கள் வாதிட்டுப் பாடுவதற்காக வாத்தியார் தம் குழுவுக்கென்று எழுதிக் கட்டிய தர்க்கப்பாட்டு அவருடைய சொத்து. அன்றிரவு கர்ணனாக நின்று பாடிய குரல், பாடியவருடையது. செல்போனில் பதிந்தவருக்கும் தம் பதிவின் மேல் ஓர் உரிமை உண்டு என்றாலும், மற்றவர்களின் இசைவு இல்லாமல் அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவர் அதிகம் செய்ய முடியாது. சொந்தமாகப் பார்ப்பதற்கும், பயிற்றுவிப்பதற்கும், ஆய்வுக்கும் பதிந்துகொள்வதை 39ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பதிந்ததில் தவறில்லை. வலையேற்றும் பொத்தானை அழுத்தும் இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது.

கோயிலில் பாடலாம் என்றால் யூடியூபில் ஏன் ஒலி போகிறது?

கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் திரைப்பாட்டு மெட்டில் ஒரு நையாண்டிப் பாட்டைப் பாடாமல் விடமாட்டார். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் கூட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் எழுந்து உட்காரும். சமயச் சடங்கின் பகுதியாகவோ, திருமண ஊர்வலத்திலோ, அதையொட்டிய கொண்டாட்டத்திலோ ஒரு பாட்டைப் பாடுவதும் ஒலிக்கவைப்பதும் மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. திருவிழாவில் மைக்செட் காரரிடம் எவரும் உரிமக் கட்டணம் கேட்பதில்லை.

அந்த விலக்கு, சடங்கு நடக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் உரியது. பதிவு வலையேறி, ஆண்டு முழுவதும் விளம்பரத்தோடு ஓடும்போது அது சடங்கு அல்ல; புதிதாக ஒரு வெளியீடு. யூடியூபில் 2007 முதல் உள்ள ‘கன்டென்ட் ஐடி’ என்ற ஏற்பாடு, உரிமையாளர் கொடுத்த மூலப் பாட்டின் ஒலித்தடத்தைக் கைரேகை போல எடுத்துவைத்து, ஏறும் ஒவ்வொரு காணொளியோடும் ஒப்பிடுகிறது. குரல் வேறாக இருந்தாலும் மெட்டை வைத்தே பிடித்துவிடுவதும் உண்டு. பிடிபட்டால் காணொளியைத் தடுக்கலாம். அதில் வரும் விளம்பரக் காசைத் தாம் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டு விட்டுவிடலாம். எதைச் செய்வது என்பது உரிமையாளரின் விருப்பம்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள் உண்டு. ‘கிளெய்ம்’ என்பது அந்த ஒரு காணொளியைப் பற்றிய உரிமைக் கோரிக்கை; சேனலுக்குத் தண்டனை இல்லை. ‘ஸ்ட்ரைக்’ என்பது உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரியதன் விளைவு. 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடக்கூடும். மஞ்சள் நிறத்தில் ஏதோ வந்துவிட்டது என்று பயந்து, எட்டு மணி நேரக் கூத்துப் பதிவையே அழித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அது பெரும் இழப்பு. கிளெய்ம் வந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டலாம். தவறான கோரிக்கையென்றால் மறுத்து எழுதலாம், கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இதையொட்டி உலவும் நம்பிக்கைகள் சிலவற்றை இங்கேயே கழித்துவிடலாம். 30 விநாடி வரை எடுத்தால் குற்றமில்லை என்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. ‘பாட்டு உரியவருக்கே சொந்தம்’ என்று கீழே எழுதிவிடுவது மரியாதை, அனுமதி ஆகாது. காசு வாங்கவில்லை என்பதும் தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, மீறலை மீறல் இல்லாமல் ஆக்காது.

காசு எங்கே போகிறது?

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ரசிகர்கள் இசையை எந்தக் காலத்திலும் காசில்லாமல் கேட்டதில்லை என்பதே என் துணிபு. அவர்கள் கொடுத்த காசு, படைத்தவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

கேசட் காலத்தில், ஒரு தாளில் பிடித்த பாட்டுகளை எழுதிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கும் ரெக்கார்டிங் கடைக்குப் போவார்கள். ஏ சைடுக்கு 30 நிமிடம், பி சைடுக்கு 30 நிமிடம் என்று கணக்குப் பார்த்து, கடைக்காரர் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் வரிசையை மாற்றி அமைத்துப் பதிந்து தருவார். வெற்றுக் கேசட்டுக்கும் காசு, பதிவுக் கூலிக்கும் காசு. பிறகு மெமரி கார்டு வந்தது. ‘பாட்டு ஏத்தித் தரப்படும்’ என்று செல்போன் கடைகளில் அட்டை தொங்கியது. ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 1 எம்பி என்ற எம்பி3 கணக்கில், 4 ஜிபி கார்டில் 800 பாட்டுக்கு மேல் அடங்கிவிடும். அந்தக் கடைக்காரருக்கும் காசு கொடுத்தோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு, மாத ரீசார்ஜில் பாட்டும் அடங்கிவிட்டது போல ஆயிற்று. இம்மூன்று கட்டங்களிலும் ரசிகர் செலவு செய்தார்; முதல் இரண்டில் பாடலாசிரியருக்கு ஒரு பைசாவும் போகவில்லை.

இன்றைய ஸ்ட்ரீமிங் செயலிகளில் போகிறது, ஆனால் பலரும் நினைப்பது போல ‘ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா’ என்று நிலையான விலை இல்லை. சந்தாவும் விளம்பர வருமானமும் ஒரே குடத்தில் சேர்கின்றன. நிறுவனம் தன் பங்கை எடுத்தபின், மொத்தக் கேட்பில் எந்தப் பாட்டுக்கு எத்தனை பங்கோ அத்தனை பங்கு பிரிகிறது. ஆகவே அரூர்க்காரர் ஒருவர் மாதம் முழுவதும் ஓர் உள்ளூர்ப் பாடகரை மட்டுமே கேட்டாலும், அவர் கட்டிய சந்தாவின் பெரும்பகுதி நாடெங்கும் அதிகம் கேட்கப்பட்ட பாட்டுகளுக்கே போய்ச் சேரும். ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்குப் பங்கே தருவதில்லை. யூடியூபின் நீண்ட காணொளிகளில் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு சேனல்காரருக்கு வருகிறது. சேனல்காரர் யார் என்பதில்தான் நம் கூத்து வாத்தியாரின் மனக்குறை அடங்கியிருக்கிறது.

கூத்து எப்போதும் இலவசம்தான்

தெருக்கூத்துக்கு டிக்கெட் கிடையாது. பக்கத்து ஊர்க்காரர், வழிப்போக்கர், வேலி ஓரம் நிற்பவர் எல்லோரும் பார்க்கலாம். அதற்காக ஆட்டக்காரர்கள் காசில்லாமல் ஆடுவதில்லை. ஊர் கூடி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, அச்சாரம் கொடுத்துத்தான் குழுவை அழைக்கிறார்கள். கேட்பது அனைவருக்கும் இலவசம், கொடுப்பது ஊரின் பொறுப்பு என்ற ஏற்பாடு இங்கே எத்தனையோ தலைமுறையாக நடந்துவருகிறது.

அதன்மேல் அன்பளிப்பும் உண்டு. நடுச்சாமத்துக்கு மேல் திரௌபதி வேஷக்காரர் அழுது பாடி முடிக்கும்போது, முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவந்து நூறு ரூபாய் நோட்டை வேஷக்காரரின் மார்பு உடையில் ஊக்கால் குத்துகிறார். ஆர்மோனியம் ஒரு சுரத்தைப் பிடித்தபடி நிற்கிறது. கட்டியங்காரன் அவர் பெயரையும் ஊரையும் கேட்டு மைக்கில் சொல்லி வாழ்த்துகிறார். பிறகு மத்தளம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

அந்த முழு நிகழ்வும் யூடியூபில் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும் ஆயிரக்கணக்கானோர் வரி கட்டிய தலைக்கட்டில் இல்லை. அவர்கள் விரும்பினாலும் ஊக்கைக் குத்த மார்பு எட்டாது. இணையம் செய்த மாற்றம் இதுதான். இலவசமாகக் கேட்பதை அது புதிதாகக் கொண்டுவரவில்லை. கேட்பவர்களின் வட்டத்தையும் கொடுப்பவர்களின் வட்டத்தையும் பிரித்துவைத்துவிட்டது.

கலைஞர்கள் எல்லோரும் ஒரே கட்சி இல்லை

பாட்டை இலவசமாகப் பகிர்வது பற்றிக் கலைஞர்கள் சொல்லும் கருத்து, அவர்கள் எந்த வருமானத்தில் வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

1. மேடை வருமானத்தில் வாழ்பவர்கள் — கூத்துக் குழு, பம்பை உடுக்கைக்காரர்கள், இசைக்குழுப் பாடகர்கள். இவர்களுக்குப் பதிவு ஒரு விளம்பரம். பென்னாகரத்தில் ஆடியதை வேப்பனப்பள்ளிக்காரர் போனில் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டுக்கு அச்சாரம் கொடுக்கலாம். காணொளியின் தலைப்பில் குழுவின் பெயரும் போன் எண்ணும் இருந்தால் பெரும்பாலோர் முகம் சுளிக்கமாட்டார்கள். “கர்ண மோட்சம் முழு கூத்து” என்று மட்டும் போட்டு, பெயரை விட்டுவிட்டால்தான் கோபம் வருகிறது.

2. எழுதியும் மெட்டுப்போட்டும் வாழ்பவர்கள். இவர்களுக்கு மேடை இல்லை. பாட்டு பரவுவதால் பாடகருக்கு அழைப்பு வரும். எழுதியவரை எவரும் கச்சேரிக்குக் கூப்பிடமாட்டார்கள். இலவசப் பகிர்வைப் பற்றிப் பாடகரும் பாடலாசிரியரும் எதிரெதிராகப் பேசும்போது இருவர் சொல்வதும் அவரவர் நிலையில் சரியானதே.

3. தாமாகவே வலையேற்றும் இளைஞர்கள். அம்மன் பாட்டையோ சொந்தப் பாட்டையோ செல்போனிலேயே எடுத்துப் போடுபவர்கள். கேட்பவர் கிடைப்பதே இவர்களுக்கு முதல் தேவை. இவர்கள் இலவசமாகக் கொடுப்பதைக் காட்டி, மற்றவர்களும் அப்படியே கொடுக்க வேண்டும் என்று வாதிடுவது நியாயமாகாது. கொடுப்பது என்பது கொடுப்பவரின் முடிவு.

மூன்று தரப்பினரையும் ஒருசேர வருத்துவது மறுபதிவு. ஒருவர் போட்டதை இன்னொருவர் இறக்கி, தம் சேனலின் முத்திரையைக் குத்தி, விளம்பரத்தோடு ஏற்றுவது. இதைச் செய்பவரை ரசிகர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ரசிகர்களின் தரப்பு

ரசிகர்கள் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. பகிர்பவரின் மனத்தில் பெரும்பாலும் இருப்பது பெருமை: ‘எங்க ஊரு கூத்தைப் பாருங்கள்’ என்ற பெருமை. அவரால்தான் பல கூத்துகள் இன்று ஆவணமாகவாவது இருக்கின்றன. குழுக்களே தம் ஆட்டத்தைப் பதிந்து வைத்திருப்பது குறைவு.

இன்னொன்றும் உண்டு. காசு கட்டிக் கேட்டாலும் பாட்டு கையில் நிற்பதில்லை. 2024 ஜனவரியில் ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி இந்தியாவில் நின்றது. அதே ஆண்டில் விங்க் மியூசிக்கும் மூடுவதாக அறிவித்தது. அதில் வரிசை வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் மறுபடி வேறிடத்தில் தேட வேண்டியதாயிற்று. தேய்ந்தாலும் கேசட் வீட்டிலேயே இருந்தது என்ற நினைவு உள்ளவர்கள், கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள விரும்புவதில் வியப்பில்லை.

வெளிநாட்டில் நடந்தவை

1999இல் தொடங்கிய நாப்ஸ்டர் என்ற இணையச் சேவை, ரசிகர்கள் தங்களுக்குள் எம்பி3 கோப்புகளை மாற்றிக்கொள்ள வழிசெய்தது. இசைக்குழுக்களும் நிறுவனங்களும் வழக்குத் தொடுத்து 2001இல் அது நின்றது. அந்தக் கதை பலருக்கும் தெரியும். நம் கூத்துக்கு நெருக்கமானது வேறொன்று. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழு, தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிந்து மாற்றிக்கொள்வதை நெடுங்காலம் அனுமதித்தது. 1984இல் பதிபவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. போட்ட ஒரே நிபந்தனை, விற்கக் கூடாது என்பது. குழுவின் வருமானம் மேடையில் இருந்ததால் அது இயன்றது. 2007இல் ரேடியோஹெட் குழு, ஒரு முழு ஆல்பத்தை ‘விரும்பிய விலை கொடுங்கள்’ என்று இணையத்தில் வைத்தது. ஒன்றும் கொடுக்காமலும் இறக்கலாம். அப்போதே அவர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள் என்பதை மறந்து, இதை எல்லோருக்குமான வழியாகச் சொல்லக் கூடாது.

‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற வழி

2002 முதல் வழக்கில் உள்ள இந்த உரிமங்கள், ‘பகிரலாம், ஆனால் இன்ன நிபந்தனையோடு’ என்று படைப்பாளியே முன்கூட்டிச் சொல்ல உதவுகின்றன. பெயர் சொல்ல வேண்டும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் தர வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. யூடியூபில் காணொளி ஏற்றும்போது கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஒரு தேர்வு வரும். அது ‘பெயர் சொன்னால் போதும்’ என்ற வகை மட்டுமே. பெயரைச் சொல்லிவிட்டு எவர் வேண்டுமானாலும் அதை எடுத்து வணிகமும் செய்யலாம். நல்லெண்ணத்தில் அதை அழுத்தும் ரசிகர், வாத்தியாரைக் கேட்காமலேயே வாத்தியாரின் பாட்டை ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்தவர் ஆகிறார்.

அச்சாரம் கொடுக்கும்போதே பேச வேண்டியவை

வழக்கும் வக்கீலும் இல்லாமல், வெற்றிலை பாக்கு வைக்கும் இடத்திலேயே இவற்றைப் பேசிவிடலாம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

1. பதிவு செய்யலாமா, நேரலையா, முழுக் கூத்தா, துண்டா.
2. யாருடைய சேனலில் ஏறும். குழுவுக்கே ஒரு சேனல் இருந்து, பதிபவர் அதில் ஏற்றித் தந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.
3. தலைப்பின் முதல் வரியில் குழுவின் பெயர், வாத்தியாரின் பெயர், அழைக்க வேண்டிய எண்.
4. விளம்பர வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது. பதிபவர் இரவு முழுவதும் கண்விழித்ததற்கும் பங்கு வேண்டும்.
5. குழுவின் க்யூஆர் குறியீடு திரையில் வர வேண்டும். பெங்களூரில் இருந்து பார்ப்பவருக்கு ஊக்குக்குப் பதில் அதுதான்.
6. திரைப்பாட்டு மெட்டு வரும் இடங்களை வெட்டிவிட்டு ஏற்றலாம் என்ற ஒப்புதல்.

இந்தத் தாளால் தீராத ஒன்றும் மிச்சம் இருக்கிறது. இன்று பாடப்படும் கூத்துப் பாட்டுகளில் பல, மறைந்த வாத்தியார்கள் நோட்டில் எழுதி வைத்தவை. 1990இல் மறைந்த ஒருவர் எழுதிய பாட்டு, சட்டப்படி 2050 டிசம்பர் 31 வரை அவருடைய வாரிசுகளுக்குச் சொந்தம். அந்த வாரிசு ஓசூரில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலையில் இருக்கலாம். தாத்தாவின் பாட்டு தன் போனிலேயே வந்து ஓடினாலும், அது தாத்தாவினுடையது என்று சொல்ல அதில் எவர் பெயரும் இருக்காது.